ஊர்காண் காதை: தனியே நடந்தவன் கண்ட தலைநகர்

சிலப்பதிகாரத்தின் 30 காதைகளுள் 14-ஆவதாக அமைந்த ஊர்காண் காதை, பலமுறை பாடம் சொல்லப்பட்டுச் சிலமுறையே படிக்கப்பட்ட பகுதி எனலாம். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு அதனைக் கற்பித்த முறை இதுதான்: கணிகையர் வீதி, அங்காடி வீதி, மணிக்கடை வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுவர், ஒவ்வொன்றிற்கும் எதிரே அங்கு விற்ற பொருள்களைக் குறிப்பர், மதுரை மாநகரின் வளத்தினை விளக்குக என்று வினா விடுப்பர். பட்டியலைப் பிழையின்றி ஒப்புவித்தவர்க்கு முதல் மதிப்பெண். பின்னாளில் மாலை நேர இலக்கிய வகுப்புகளில் அதே வினாவிற்குரிய விடைகளை நானும் கட்டுக் கட்டாகத் திருத்தியதுண்டு. அவ்விடைகளில் மணி இருந்தது, பொன் இருந்தது, மிளகுப் பொதி இருந்தது. கோவலன் மட்டும் இருந்ததில்லை.

அக்காதையில் மதுரையைக் காண்பவன் இளங்கோவடிகள் அல்லர், கோவலன். சோழநாட்டுப் புகாரில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பாண்டியன் தலைநகர் அயல்நாட்டுத் தலைநகர். அங்கே அவன் தனியே நடக்கின்றான். ஆறைங் காதம், அஃதாவது 30 காதம், கண்ணகியோடும் கவுந்தியடிகளோடும் நடந்து வந்தவன், அவ்விருவரையும் மதிற்புறத்து அறவோர் உறையும் புறஞ்சேரியில் விட்டுவிட்டு ஒருவனாக நகருள் நுழைகின்றான். இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு காதையைப் படித்தால், நகர வருணனையாகத் தோன்றியது வேறொன்றாக மாறுவதைக் காணலாம்.

முதலில் அவன் போனதற்குரிய காரணத்தை நோக்குவோம். ஊர் சுற்றிப் பார்க்கும் விருப்பத்தால் அவன் போகவில்லை. தன் நிலையினை அந்நகரத்து வணிகர்க்கு உணர்த்தி வருவதாகவும், அதுகாறும் கண்ணகியைக் காத்தருள வேண்டும் என்றும் கவுந்தியிடம் சொல்லிவிட்டே புறப்படுகின்றான். தக்க காரணந்தான். மாசாத்துவானின் மகன், மாநாய்கனின் மருமகன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வணிகர் குலத்தில் அவனை அறியாதார் இருக்க மாட்டார். அச்சொல்லைச் சொல்லத்தான் அவன் போனான்.

யானைத் திரள் செல்லும் சுருங்கை வழியின் பக்கமாகச் சென்று, வாளேந்திய யவனர் காக்கும் வாயிலில் அவர்கள் ஐயுறாதவாறு உள்ளே புகுகின்றான். மொழியும் நாடும் வேறான யவனக் காவலர் அவனை ஐயுறவில்லை. மறுநாள் அவனைக் கொன்றவர் அவன் மொழியையே பேசிய காவலர். அடிகள் இதனை எங்கும் சுட்டிக்காட்டவில்லை, வைத்துவிட்டுப் போகின்றார்.

உள்ளே புகுந்த பின் அவன் கண்டவற்றை மதுரைக்காஞ்சியோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும். மாங்குடி மருதனார் 782 அடிகளில் அதே மதுரையின் பகலையும் இரவையும் பாடியுள்ளார். நாளங்காடி, அல்லங்காடி, இரவில் திரியும் கள்வர், அவரைத் தேடும் காவலர், விடியற்காலை ஓசைகள் எல்லாம் அதில் உண்டு. ஒரு மனிதன் ஓரிடத்தில் நின்று இத்தனையையும் காண இயலாது. அது நகரின்மேல் மிதக்கும் பார்வை. நெடுஞ்செழியனுக்கு அவன் நகரையே எடுத்துக்காட்டும் புலவரின் பார்வை. ஊர்காண் காதையின் பார்வை அத்தகையதன்று. அது தரையில் நடக்கின்றது. ஒரு தெரு முடிந்தால்தான் அடுத்த தெரு வருகின்றது.

இன்னும் பொருத்தமான ஒப்பீடு அதே காப்பியத்தில் உள்ளது. இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கம் வருணிக்கப்படுகின்றது. அங்கே நாம் காண்பவர் யாவர்? பிட்டு விற்போர், அப்பம் விற்போர், கள் விற்கும் பெண்டிர், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்போர், வெற்றிலை விற்போர், வெண்கலக் கன்னார், செம்பு கொட்டுவோர், தச்சர், கருங்கைக் கொல்லர், ஓவியர், பொன்வேலை செய்யும் கொல்லர், தையற்காரர், தோல் தைப்போர். எல்லாரும் மனிதர், தத்தம் தொழிலோடு அமர்ந்திருக்கும் மனிதர். மதுரைக்கு வாருங்கள். அங்கே வண்டிகளும் கவசங்களும் கவரிகளும் உள்ளன. குற்றம் நீங்கிய வைரமும் மரகதமும் முத்தும் பவளமும் உள்ளன. நால்வகைப் பொன் உள்ளது. துணி மடிகள் நூறு நூறாக அடுக்கப்பட்டுள்ளன. மிளகும் கூலமும் குவிந்துள்ளன.

இவ்வேறுபாட்டிற்குச் சான்றாக ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பருத்தி நூல், மயிர், பட்டு என்னும் மூன்றும் இரு காதைகளிலும் வருகின்றன. புகாரில் அம்மூன்றாலும் நுண்ணிய வேலை செய்யும் நெசவாளரின் இருப்பிடம் காட்டப்படுகின்றது. மதுரையில் அம்மூன்றாலும் ஆன துணிகளின் அடுக்கு காட்டப்படுகின்றது. ஒரே புலவர், ஒரே மூன்று பொருள். சொந்த ஊரில் கை தெரிகின்றது; வேற்றூரில் துணி தெரிகின்றது. இதனைத் தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

மதுரை வீதிகளில் மக்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூலக் கடைத் தெருவில் துலாக்கோலும் அளவைக் கருவிகளும் கொண்டு திரிவோர் உளர். பொற்கடை வீதியில் பொன்னின் வகையறிந்த வணிகர், வாங்குவோர் மயங்காவண்ணம் கொடி கட்டியிருக்கின்றனர். கணிகையர் வீதியோ முழுவதும் மனிதரால் ஆனது. மிக நீண்டதும் அதுவே. மாதவியைப் பிரிந்து, பொருளனைத்தும் இழந்து, மனைவியின் சிலம்பை நம்பி வந்திருப்பவனின் கண் கணிகையர் வீதியில் அவ்வளவு நேரம் நின்றது ஏன் என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை. ஆசிரியர் எவரும் அதனைக் கேட்கத் தூண்டவும் இல்லை. நடப்பவன் தன் பழைய வாழ்வை ஊர் எல்லையில் இறக்கி வைத்துவிட்டு நடப்பதில்லை என்பதை அடிகள் அறிந்திருந்தார்.

வேற்றூரில் பொருள் முதலில் கண்ணிற்படுவது ஏன்? இதற்கு உரைகளில் விடை தேடுவதினும், தனியே ஒரு தலைநகரில் நடந்து பார்ப்பது பயன் தரும். சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் வியட்நாமின் தலைநகராகிய ஹனோயில் 5 நாள் ஒருவனாக நடந்து திரிந்தேன். 1010-இல் லீ வமிசத்து முதல் மன்னர் தலைநகராக்கிய பழம்பதி அது. ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே உள்ள பழைய நகர்ப்பகுதியை 36 தெருக்கள் என்று வழங்குவர். உண்மையில் தெருக்கள் அதனினும் மிகுதி. பல தெருக்களின் பெயர் ஹாங் என்று தொடங்கும். அச்சொல்லுக்குச் சரக்கு என்பது பொருள். ஹாங் பாக் என்றால் வெள்ளிச் சரக்கு, ஹாங் தியெக் என்றால் தகரச் சரக்கு, ஹாங் மா என்றால் முன்னோர்க்கு எரித்துப் படைக்கும் காகிதப் பொருள்கள். அத்தெருக்களில் நின்றபோது, அறுவை வீதி, கூல வீதி என்று பாடம் செய்த சொற்கள் எனக்கு உயிர்பெற்றன என்றால் மிகையன்று.

ஹாங் தியெக்கில் இன்றும் தகரத்தைத் தட்டும் ஓசை தெருவரை கேட்கின்றது. 18-ஆம் நூற்றாண்டு மருத்துவர் லான் ஓங் பெயரைத் தாங்கிய தெருவில் மூலிகை மணம் நம்மை வழிநடத்துகின்றது. ஹாங் காய் என்பதற்குச் சணல் சரக்கு என்பது பொருள். அங்கே இப்பொழுது விற்பது பட்டு. தெருவுக்கு ஒரு தொழில் என்று சுற்றுலாக் குறிப்பேடுகள் பொத்தாம்பொதுவாய் எழுதுவதைப் பாதி மெய்யென்றும் பாதி பழங்கதையென்றும் நடந்தால்தான் அறிய முடிகின்றது. நடைபாதை முழுவதும் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருப்பதால் நடப்பவன் தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஓடாமல், நில்லாமல், ஒரே சீராக அடியெடுத்து வைத்தால் வண்டிகள் தாமே விலகிச் செல்கின்றன.

அந்நாள்களில் என் குறிப்பேட்டில் எழுதியவை வெள்ளி, தகரம், காகிதக் குதிரை, உலர்ந்த காளான், பட்டு என்பன. மொழி அறியாதவனுக்குப் பொருளே பேசும். தகரத்தை இன்னதென்று அறிய வியட்நாமிய மொழி வேண்டியதில்லை. தகரம் தட்டுபவரின் ஊரும் பேரும் அறிய அது வேண்டும். ஹாங் பாக் தெருவின் வெள்ளி வேலைக்காரர் சௌ கே என்னும் சிற்றூரிலிருந்து வந்து குடியேறியவரின் வழியினர் என்பது அத்தெருவின் பெருமைக்குரிய வரலாறு. கடைக் கண்ணாடிக்குள் அடுக்கிய வெள்ளி அதனை எனக்குச் சொல்லவில்லை. அந்நகரிலேயே வாழ்ந்த எழுத்தாளர் தாக் லாம், அதே 36 தெருக்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் அவர் மறைந்த பின் 1943-இல் நூலாயின. அவர் எழுத்தில் தின்பண்டம் விற்கும் பெண்கள் வருகின்றனர்; அவர்களுக்குக் குரல் உண்டு, வேளை உண்டு. அது மருவூர்ப்பாக்கத்துப் பார்வை. வெளியூரான் எவ்வளவு நடந்தாலும் ஐந்து நாளில் அதனைப் பெற்றுவிட முடியாது.

நம் நாட்டு ஏடுகளில் ஆண்டுதோறும் பெருகிவரும் பயணக் கட்டுரைகளை எண்ணி ஈண்டு ஒரு சொல் சொல்லத் தோன்றுகின்றது. விமானம் ஏறியது, விடுதிச் சாப்பாடு, கோபுரத்தின் உயரம், கடைத்தெரு, நம்மூர் உணவு கிடைக்காத குறை என்று அவை ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. குழுவாகப் பேருந்தில் சென்று எழுதுவதே இதற்குக் காரணம் என்று நண்பர்கள் கூறுவதுண்டு. தனியே நடந்து எழுதியவையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆள் தனியே சென்றால் போதாது. எழுதுபவர் அங்கே யாரிடம் வாய் திறந்தார் என்பதைப் பொறுத்தது அது.

ஹனோயில் என்னிடம் வாய் திறந்தவர், தெருமுனையில் தாழ்ந்த நெகிழி முக்காலிகள் இட்டுத் தேநீர் விற்ற அம்மையார். மகள் பள்ளியில் ஓரளவு ஆங்கிலம் கற்றவள். தேநீர்க் குவளை கைக்கு வருமுன்னரே அம்மையார் மகள் மூலம் கேட்ட முதற் கேள்வி என் வயது. ஆங்கிலேயர் இதனை நாகரிகக் குறைவாகக் கருதுவர். தமிழர்க்கு அப்படித் தோன்ற வழியில்லை. வியட்நாமிய மொழியில் எதிரே இருப்பவரை அண்ணன், அக்காள், சிற்றப்பன், பெரியப்பன் என்று உறவுமுறைச் சொல்லாலேயே அழைக்க வேண்டும். வயது தெரியாமல் வாக்கியத்தைத் தொடங்க முடியாது. ஐம்பதைக் கடந்தவன் என்றதும் நான் பாக் ஆனேன். தாய் தந்தையரின் மூத்த உடன்பிறப்பைக் குறிக்கும் முறைச்சொல் அது. அடுத்து ஊர், தொழில், பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேள்விகள் வந்தன. மறுநாள் அவ்வழியே போனபோது, அத்தெருவில் என்னை இன்னார் என்று அறிந்தவர் இருவர் இருந்தனர்.

கோவலனை மதுரையில் எவரும் வயது கேட்கவில்லை. அந்நகருள் அவனோடு பேசியவர் இல்லை. அவனும் எவரோடும் பேசவில்லை. கொடிகள் பந்தலிட்டுக் கதிரவன் நுழையாத நிழலிலே அவன் நடந்தான், மகிழ்ந்தான், மதிற்புறத்துக்கு மீண்டான். வணிகரைக் காணச் சென்றவன் வணிகர் ஒருவரையேனும் கண்டு தன் நிலையைச் சொன்னதாக அடிகள் கூறவில்லை.

கூறாததைக் கொண்டு வாதிடலாமா என்று புலவர் சிலர் தடை எழுப்பக்கூடும். நகர வருணனை காப்பியத்துக்குரிய உறுப்பு. அடிகள் மரபைப் பின்பற்றினார், வேறொன்றுமில்லை என்பர். நாட்டையும் நகரையும் வருணிக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம் சிலம்புக்கு மிகப் பிந்தியது. மேலும், அடுத்த காதையே என் துணைக்கு வருகின்றது. அடைக்கலக் காதையில், ஊரிலிருந்து மீண்ட கோவலன் தீதற்ற மதுரையின் பெருமையையும் பாண்டியன் கொற்றத்தையும் கவுந்தியிடம் எடுத்துரைக்கின்றான். அப்பொழுது அங்கு வந்து சேர்ந்த மாடல மறையோனும் கவுந்தியும் அவனுக்குக் கூறும் அறிவுரை, பொழுது சாயுமுன் நகருள் புகுக, உன் பெருமை கேட்டு வணிகர் ஏற்றுக்கொள்வர் என்பது. காலையில் அவன் செய்யச் சென்ற வேலையையே மாலையில் அவனுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கின்றது. வேலை முடிந்திருந்தால் இவ்வறிவுரைக்கு இடமேது?

ஏன் சொல்லவில்லை? நாணம் என்று உரைப்பது எளிது; ஓரளவு உண்மையும் ஆகும். பெருவணிகன் மகன், கடைத்தெருவில் கையில் சரக்கின்றி நின்று தன் வறுமையைச் சொல்ல வேண்டும். எனினும் நாணம் மட்டும் அவனை மகிழ்விக்காதே! மதுரையைக் கண்டு அவன் மகிழ்ந்தான் என்று காதை முடிகின்றது. மதுரைக் காண்டத்தில் கோவலனுக்கு வாய்த்த மகிழ்ச்சிகள் மிகச் சில. தனியே வேற்றூரில் நடந்தவர்க்கு இம்மகிழ்ச்சி இன்னதென்று தெரியும். புகாரில் அவனை அறியாதார் இல்லை. மாதவியிடம் போனதும் அறிவர், பொருள் தொலைத்ததும் அறிவர். மதுரையில் அவன் ஒரு வழிப்போக்கன். எவருக்கும் மறுமொழி சொல்ல வேண்டியதில்லை. தன் பெயரைச் சுமக்காமல் ஒருநாள் நடந்தான். அப்பெயரை வணிகரிடம் சொல்லிவிட்டால் அந்நடை அத்தோடு முடிந்துவிடும். வணிகரைக் காண்பது நாளைக்கு ஆகட்டும் என்று அவன் எண்ணியிருக்கக்கூடும். அத்தகைய நாளை என்பது அவனுக்கு இருக்கவில்லை.

மறுநாள் சிலம்போடு வீதிக்கு வருகின்றான். நூறு கொல்லர் பின்வர எதிரே வந்த அரண்மனைப் பொற்கொல்லனிடம், அரசனின் தேவி அணியத்தக்க சிலம்பு ஒன்றினை விலைமதிக்க இயலுமா என்று அவனே கேட்கின்றான். மதுரைத் தெருவில் கோவலன் தானே வலியச் சென்று பேசியதாகக் காப்பியம் காட்டும் முதல் ஆள் இவனே. முந்தைய நாள் பொற்கடை வீதியில் பொன்னைக் கண்டான். பொன்னின் வகை சொல்லும் கொடியைக் கண்டான். பொன்வேலை செய்யும் மனிதனைக் காணவில்லை. பொன்னுக்கு அங்கே கொடி உண்டு, வாங்குவோர் ஏமாறமாட்டார். பொற்கொல்லன் இன்ன தன்மையன் என்று எச்சரிக்க அத்தெருவில் அவனுக்கு ஒரு நண்பன் இல்லை. வணிகருள் ஒருவரை முதல் நாள் கண்டிருந்தால், சிலம்பு விற்க அவரையே நாடியிருப்பான் அல்லனோ?

காவலர் வந்தபொழுது நிகழ்வதையும் உற்று நோக்க வேண்டும். அவனைக் கண்டதும், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றமாக இல்லையே என்று அவர்கள் தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்துவிட்டுக் களவு நூலை விரிக்கின்றான். மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வர்க்குத் துணையாவன எட்டினை எடுத்தோதுகின்றான். கோவலன் பக்கம் சான்றாக இருந்தது அவன் முகம் ஒன்றே. அவன் பெயரை எவரும் கேட்கவில்லை. இன்னான் மகன் இவன் என்று சொல்ல அத்தெருவில் ஒருவரும் இல்லை. கல்லாதவன் ஒருவன் வாளை வீசினான். ஊழ்வினை என்று அடிகள் காரணம் கூறுகின்றார். அதனை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆயினும் ஊழ் வந்து புகுவதற்கு முதல் நாளே ஒரு வாயில் திறந்திருந்ததை அடிகளே காட்டுகின்றார் என்பேன்.

இக்காப்பியத்தில் மதுரையைச் சுற்றிய நடை இன்னொன்றும் உண்டு. கோவலன் நடந்தது ஊர்காண் காதை. கண்ணகி நடந்தது ஊர்சூழ் வரி. இணைச் சிலம்பைக் கையிலேந்தி அவளும் தனியே அதே வீதிகளில் வருகின்றாள். அங்கே மணி இல்லை, பொன் இல்லை, துணி அடுக்கு இல்லை; ஒரு கடைகூட அவள் கண்ணிற்படவில்லை. அவள் வாயெடுத்துப் பேசுகின்றாள், அந்நகர்ப் பெண்டிரை விளித்துக் கேட்கின்றாள், இங்கே சான்றோர் உண்டா என்று வினவுகின்றாள். முதல் நடையில் முகம் காட்டாத மதுரை மக்கள் இப்பொழுது கூட்டமாக வருகின்றனர், அழுகின்றனர், புதியதொரு தெய்வம் வந்ததோ என்று அஞ்சுகின்றனர், அவள் கணவன் கிடக்கும் இடத்தை அவர்களே காட்டுகின்றனர். பின்னர் அரண்மனை வாயிலுக்குச் செல்கின்றாள். அவளை உள்ளே அழைத்த பாண்டியன் கேட்கும் முதற்கேள்வி, நீ யார் என்பது. அவள் ஊரைச் சொல்கின்றாள், மாசாத்துவானைச் சொல்கின்றாள், அவன் மகன் கோவலன் என்று சொல்கின்றாள். மதுரை மன்னன் அவையில் அப்பெயர் ஒலித்தது அப்பொழுதுதான்.